கூடம் கோணல்தான்: கேம் உருவாக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநருக்கும், சண்டை வடிவமைப்புக் குழுவினருக்கும், எந்தப் பேட்ச் (வெளிவந்த கேமுக்குப் பின்னால் வரும் திருத்தம்) வரலாம் எது வேண்டாம் என்று முடிவெடுக்கும் வெளியீட்டு நிறுவனத்தாருக்கும்,

உங்கள் கேமில் வீரனை இயக்கும் கட்டுப்பாடுகள் பற்றி வந்த புகார்களை எல்லாம் "திட்டமிட்டபடியே இயங்குகிறது" என்று முத்திரை குத்தி மூடிவிட்டீர்கள். அடுத்த சில நாட்களில், குழு முழுவதும் இனி கட்டண விரிவாக்கத்தில் இறங்குகிறது, மூலக் கேமுக்குச் சின்னச் சின்னத் திருத்தங்கள் மட்டும் வரும் என்று அறிவிப்பு வந்தது. அதில் போகிற போக்கில் ஒரு வரி: எங்கள் சண்டைமுறையின் கனம் சிலருக்குப் பழகக் கொஞ்சம் நாளாகலாம். அந்த ஒரு வரி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நானும் முணுமுணுத்துவிட்டு வேறு கேமுக்குப் போயிருப்பேன்.

பழகிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முதன்மைக் கதையை முடித்தேன், பக்கக் கதைகளில் பெரும்பாலானவற்றையும் முடித்தேன். கன்ட்ரோலரில் ஆடினேன், அப்புறம் விசைப்பலகையும் மவுஸும் வைத்து மறுபடி ஆடினேன். வாள், ஈட்டி, மந்திரக்கோல் என்று எல்லாவற்றையும் கடைசி நிலைவரை வளர்த்தேன். இறுதிக் காட்சிக்குப் பின் பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்தப் பட்டியலில் இருக்கிற ஓவியர்கள் மீதும், இசையமைத்தவர்கள் மீதும், பாதி மூழ்கிய அந்த நகரத்தைக் கட்டியவர்கள் மீதும் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீர்மட்டம் இறங்கும்போது மட்டும் வழி திறக்கிற அந்த மணிக்கூண்டை யோசித்தவர் யாராக இருந்தாலும் அவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள். கோபம் வருவதே அதனால்தான். இவ்வளவு நல்ல உலகத்தைச் செய்துவிட்டு, அதற்குள் நடமாட நீங்கள் கொடுத்த உடம்பு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

பாலத்துக் காவலனோடு நடக்கும் சண்டையை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கும் அந்த இடம் நன்றாகத் தெரியும், விளம்பரக் காணொளியில் அதைத்தான் முதலில் காட்டினீர்கள். குறுகலான கல்பாலம், இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கிறது. அவன் ஈட்டியால் மூன்று முறை குத்துவான், மூன்றாவது குத்துக்குப் பிறகு நின்று மூச்சு வாங்குவான். அந்த இடைவெளியில் மருந்து குடித்துவிடலாம் என்று எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள். குடிக்கத் தொடங்கிப் பாதியில் இருக்கும்போது, சில சமயம் அவன் மூச்சு வாங்காமல் ஈட்டியைத் தூக்கி எறிகிறான். அடிக்குத் தப்பி உருள்வதற்கான பட்டனுக்குக் கை தானாகப் போகிறது. மருந்து குடிக்கும் அசைவு முடியாமல் உருள முடியாது, சரி, அது விதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் அழுத்தியதை உங்கள் கேம் மறப்பதில்லை. கன்ட்ரோலரில் திசையைக் காட்டும் ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்து அழுத்தியது, பதற்றத்தில் மறுபடி அழுத்தியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஈட்டி வந்து தைக்கிறது. விழுகிறேன், எழுகிறேன். எழுந்த கையோடு, நான் எந்தப் பட்டனையும் தொடாமலே, என் வீரன் இடப்பக்கம் உருள்கிறான். மறுபடியும் உருள்கிறான். இடப்பக்கம் சுவர் இல்லை.

அழுத்தியதைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வது தவறான யோசனை இல்லை. பஃபர் என்று சொல்லும் இந்த ஏற்பாடு நல்ல சண்டைக் கேம்களில் எல்லாம் இருக்கிறது. ஒரு வெட்டு முடிய இன்னும் சில பிரேம் (அசைவாகத் தெரியும் தனித்தனிப் படங்கள்) இருக்கும்போதே அடுத்த வெட்டுக்கு அழுத்திவிட்டாலும் அது வீணாகாமல் தொடரும். விரல் கொஞ்சம் முந்திக்கொண்டால் மன்னிக்கிற சலுகை அது. உங்கள் கேமில் அந்தச் சலுகைக்குக் காலாவதியே கிடையாது. வெவ்வேறு அசைவுகளுக்கு நடுவே வேண்டுமென்றே அழுத்தி அழுத்திச் சோதித்ததில் எனக்குப் புரிந்தது இது: கடைசியாக அழுத்தியதை மட்டும் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறது. அடி விழுந்தாலும் வரிசை கலைவதில்லை. இதைவிட மோசம், உருளும் திசையை உருளும் நேரத்தில் பார்ப்பதில்லை, அழுத்திய நேரத்தில் ஸ்டிக் எங்கே சாய்ந்திருந்ததோ அந்தத் திசையையே பிடித்து வைத்திருக்கிறது. நிலைமை மாறி, நானும் மனம் மாறி, ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்த பிறகும் அவன் பழைய இடப்பக்கத்துக்கே போகிறான். அந்தப் பாலத்தில் என்னைக் கொன்றது பெரும்பாலும் காவலன் இல்லை. இரண்டு நொடிக்கு முன்னால் நான் அழுத்திய பட்டன்.

இதற்குக் கனம் என்று பெயர் வைத்தால் ஒத்துக்கொள்ள முடியாது. கனமான சண்டைமுறை எப்படி இருக்கும் என்று இந்த வகைக் கேம்களை ஆடுகிற எல்லாருக்கும் தெரியும். மான்ஸ்டர் ஹன்டரில் பெரிய வாளை ஓங்கினால் ஓங்கியதுதான், நடுவில் மனம் மாறினால் அடி வாங்க வேண்டியதுதான். 2011-இல் வந்த டார்க் சோல்ஸில் சுமக்கும் எடை கூடக்கூட உருள்வது மந்தமாகும். ஆனால் இரண்டிலும் வெட்டுக்கு அழுத்தியதுமே உடம்பு அசையத் தொடங்கிவிடும். தோள் திரும்பும், கால் ஊன்றும், வாள் பின்னால் போகும். வாள் வந்து இறங்கத்தான் நேரம் ஆகும், கட்டளை போய்ச் சேர நேரம் ஆகாது. உங்கள் கேமில் அழுத்திய பிறகு முதலில் ஒன்றுமே நடப்பதில்லை. அப்புறம் திடீரென்று எல்லாம் நடக்கிறது.

வெறும் எரிச்சலில் சொல்வதாக நினைக்க வேண்டாம். நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோமோஷனில் கைபேசியை வைத்து, கன்ட்ரோலர் மேல் கட்டைவிரலும் பின்னால் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படம்பிடித்தேன். அப்படி எடுத்தால் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே 4 மில்லிநொடி சொச்சம். பட்டன் முழுவதும் அமுங்கிய பிரேமிலிருந்து வீரனின் தோள் முதன்முதலில் அசையும் பிரேம்வரை எண்ணிப் பார்த்தால் கால் நொடியைத் தாண்டுகிறது. டிவியும் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடில்தான் இருந்தது. அதே டிவி, அதே கன்ட்ரோலர், வேறு ஆக்‌ஷன் கேமைப் போட்டால் இதில் பாதிகூட வருவதில்லை. படத்தின் தரத்தைக் குறைத்து 60 பிரேமில் ஓட்டியும் பார்த்தேன். நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு பிரேம் 33 மில்லிநொடி, 60 என்றால் ஏறக்குறைய 17. பிரேம்வேகம்தான் காரணம் என்றால் அதை இரட்டிப்பாக்கியதும் தாமதம் நன்றாகவே குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அசைவு தொடங்குவதற்கு முன்னால் ஒரு காத்திருப்பு உட்கார்ந்திருக்கிறது. யாரோ வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், அல்லது வைத்துவிட்டு எடுக்க மறந்துவிட்டார்கள்.

கால் நொடி என்ன பெரிய விஷயம் என்று சண்டைக் குழுவுக்கு வெளியே இருப்பவர்கள் கேட்கலாம். கண்ணில் பட்டதற்குக் கை பதில் சொல்லவே மனிதருக்கு ஏறக்குறைய கால் நொடி ஆகும். உங்கள் சாம்பல் ஓநாய் பாய்வதற்கு முன் தலையைத் தாழ்த்திக் காட்டுவது அரை நொடி அளவுக்குத்தான். அதில் பாதி என் கண்ணுக்கும் கைக்கும் போய்விடுகிறது, மீதியை உங்கள் காத்திருப்பு எடுத்துக்கொள்கிறது. எனக்கென்று எதுவும் மிச்சமில்லை. ஆகவே ஓநாயைப் பார்த்து ஆட வழியில்லை. அது எப்போது தலையைத் தாழ்த்தும் என்று முன்கூட்டியே ஊகித்து அழுத்த வேண்டும். ஊகம் தப்பினால் முன்னே சொன்ன வரிசையில் அதுவும் போய்ச் சேர்ந்துகொள்ளும். ஓநாய் தலையைத் தாழ்த்துவதை அவ்வளவு அழகாக அசைவூட்டியவரிடம் கேட்டுப் பாருங்கள், அதைப் பார்த்து ஆட்டக்காரர் விலகுவார் என்று நினைத்துத்தானே செய்திருப்பார்.

அடுத்தது, உருள்வதற்கும் பொருள் எடுப்பதற்கும் ஒரே பட்டன். இதை எந்தக் கூட்டத்தில் யார் ஒத்துக்கொண்டார்கள் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. சதுப்புக் காட்டில் கொள்ளையர் சூழ்ந்துகொள்ளும் இடத்தில், ஒருவன் கோடரியை ஓங்கினான். உருள அழுத்தினேன். என் வீரன் வாளை உறையில் போட்டான், நிதானமாகக் குனிந்தான், காலடியில் இருந்த நீலக் காளானைப் பறித்தான். "நீலக் காளான் 1" என்று திரையோரம் எழுத்து வந்தது. அது மறைவதற்குள் கோடரி இறங்கிவிட்டது.

காளானோடு போனாலாவது பரவாயில்லை. செத்து விழுந்த எதிரிகளின் உடலும் எடுக்கத்தக்க பொருள்தான் உங்கள் கணக்கில். அதனால் சண்டை நன்றாகப் போகப்போக, காலடியில் உடல்கள் கூடக்கூட, உருள்வதற்கான இடம் குறைந்துகொண்டே வருகிறது. நான்கு பேரை வீழ்த்தியவர் ஐந்தாவது ஆளிடம் மாட்டிக்கொள்கிறார், காரணம் முதல் நான்கு பேரின் சட்டைப்பை. நன்றாக ஆடுவதற்குத் தண்டனை கொடுக்கிற சண்டைமுறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பட்டன்கள் போதவில்லை, பகிர்ந்துதான் ஆகவேண்டும் என்பீர்கள். டார்க் சோல்ஸிலும் ஓடுவதற்கும் உருள்வதற்கும் ஒரே பட்டன்தான். ஆனால் அங்கே தட்டினால் உருள்வது, பிடித்தால் ஓடுவது, எங்கே நின்றாலும் இது மாறாது. உங்கள் பட்டனின் பொருளைத் தீர்மானிப்பது தரையில் என்ன கிடக்கிறது என்பது. சண்டை நடக்கும்போது எதையும் எடுக்க முடியாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாலே போதும்.

இலக்கைப் பூட்டும் லாக்-ஆன் வசதி பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. முப்பரிமாண உலகத்தில் வாள் சண்டை போட ஆள் திணறக் கூடாது என்று 1998-இலேயே, நின்டென்டோ 64-க்கு வந்த ஆக்கரினா ஆஃப் டைம், ஒரு பட்டனை அழுத்தினால் எதிரியைப் பிடித்துக்கொள்ளும் முறையைக் காட்டிவிட்டது. எதிரே நிற்கும் பூதத்தை விட்டுவிட்டு, சுவருக்குப் பின்னால், என் கண்ணுக்கே தெரியாத எலியைப் பூட்டுவது எந்த ஊர் நியாயம்? அருகில் இருப்பது எது என்று மட்டும் பார்க்கிறது, நடுவில் சுவர் இருக்கிறதா, நான் எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று பார்ப்பதில்லை. எலி வளைக்குள் ஓடினால் கேமராவும் தரையைப் பார்த்துக்கொண்டே திரும்புகிறது. பூதம் முதுகில் அடிக்கிறது.

மந்திரச் சக்கரத்துக்கு வருகிறேன். எட்டு மந்திரங்களை வட்டமாக அடுக்கி, ஸ்டிக்கைச் சாய்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது பல கேம்களில் இருக்கிற, பழகிய முறை. ஸ்டிக்கை விட்டதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை நடுவுக்கு இழுக்கும். கொஞ்சம் பழைய கன்ட்ரோலர் என்றால் நடுவைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஒரு துளி போய்விட்டுத்தான் நிற்கும். மற்ற கேம்கள் அந்தத் துளியைக் கண்டுகொள்வதில்லை, உங்கள் கேம் அதையும் ஒரு தேர்வாக எடுத்துக்கொள்கிறது. குணப்படுத்தும் மந்திரத்துக்கு நேர் எதிரே நீங்கள் வைத்திருப்பது தீப்பந்து. வழித்துணையாக வந்த கிழவர் அடிபட்டுக் கிடந்தார், அவரைக் குணப்படுத்தப் போய்க் கொளுத்தினேன். பிழைத்துக்கொண்டார், ஆனால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் தரவேண்டிய பணியும் அதோடு பூட்டிக்கொண்டது. தன்னிச்சையாகச் சேமித்துக்கொள்ளும் கேம் என்பதால் பின்னால் போகவும் வழியில்லை. செய்ததன் விளைவைச் சுமக்க வைக்கும் கதை என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். ஸ்பிரிங் செய்ததற்கு நான் ஏன் விளைவைச் சுமக்க வேண்டும்?

ஸ்டிக் பற்றிய பேச்சிலேயே இதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கின் நடுவில் சின்ன அசைவுகளைப் பொருட்படுத்தாத ஒரு பகுதி எல்லாக் கேம்களிலும் உண்டு, டெட்ஸோன் என்பார்கள். அது வட்டமாக இருந்தால் தொல்லையில்லை. உங்கள் கேம் மேல்-கீழ் அசைவையும் இட-வல அசைவையும் தனித்தனியே வெட்டுகிறது போலிருக்கிறது, ஏனென்றால் நேர்த்திசையிலிருந்து லேசாகச் சாய்வாகப் போக முயன்றால் வீரன் சட்டென்று நேர்த்திசைக்கே ஒட்டிக்கொள்கிறான். மணிக்கூண்டின் மேல்தளத்தில் குறுக்கே போட்ட மரவிட்டங்கள் மேல் நடந்து போகச் சொல்கிறீர்கள், அந்த விட்டங்கள் எல்லாம் லேசாகக் கோணலாகக் கிடக்கின்றன. கூண்டைக் கட்டியவரும் ஸ்டிக்கைக் கவனித்தவரும் ஒருமுறைகூடச் சேர்ந்து உட்கார்ந்து ஆடவில்லை என்பது அங்கே தெரிகிறது. (குதிரையைப் பற்றிப் பேசவே போவதில்லை. அதற்குத் தனி மடல் வேண்டும்.)

கன்ட்ரோலரில்தான் இப்படி, விசைப்பலகைக்கு மாறினால் நிம்மதி என்று நினைத்தேன். மவுஸை மெதுவாக நகர்த்தினால் கேமரா நன்றாகத் திரும்புகிறது. வேகமாக இழுத்தால், இழுத்த தூரத்துக்குத் திரும்ப வேண்டியதைவிடக் குறைவாகத் திரும்புகிறது. மவுஸ் அசைவை ஸ்டிக் அசைவாக மொழிமாற்றி உள்ளே அனுப்புகிறீர்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஸ்டிக்குக்குத்தான் இவ்வளவு வேகத்துக்கு மேல் திரும்பாது என்ற வரம்பு உண்டு, மவுஸுக்கு அது தேவையே இல்லை. திரையில் வரும் குறிப்புகளோ நான் விசைப்பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதும் கன்ட்ரோலர் பட்டன்களையே காட்டுகின்றன.

என் தங்கை இடக்கைக்காரி. மவுஸை இடக்கையில் பிடித்து, வலக்கையை எண் விசைகள் மேல் வைத்து ஆடுவாள். நடப்பதையும் வெட்டுவதையும் அவள் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள முடிந்தது. ஆனால் வரைபடம், மருந்து, பேச்சில் பதில் தேர்ந்தெடுப்பது, பொருட்பையைத் திறப்பது எல்லாம் விசைப்பலகையின் இடது மூலையில் ஆணி அடித்து வைத்த மாதிரி நிற்கின்றன, மாற்றவே முடியாது. ஒவ்வொரு முறை மருந்து குடிக்கவும் அவள் மவுஸை விட்டுவிட்டுக் கையைக் கொண்டுபோக வேண்டும், மருந்து தேவைப்படுவதோ சண்டைக்கு நடுவில். இடக்கைக்காரர்கள் மட்டும் இல்லை. பிரான்சில் புழங்கும் அஸெர்ட்டி விசைப்பலகையில் எழுத்துகளின் இடமே வேறு. டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு விசைகளும் மற்றவர்களுக்கு இருப்பதுபோல் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருப்பதில்லை. அப்புறம் ஓட்டம். ஓடுவதற்குப் பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் வரைபடத்தின் அகலத்துக்கு அது கட்டைவிரலுக்குச் செய்யும் கொடுமை. மூட்டுவலி உள்ளவர்களை நினைத்துப் பாருங்கள். 2018-இல் எக்ஸ்பாக்ஸுக்கென்று, கை அசைவு குறைந்தவர்களுக்காகத் தனியாக ஒரு கன்ட்ரோலரே வந்தது. 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் 60-க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் இருந்தன. நான் அவ்வளவு கேட்கவில்லை. ஒருமுறை தட்டினால் ஓடட்டும், மறுபடி தட்டினால் நிற்கட்டும்.

இதையெல்லாம் எடுத்துச் சொல்கிறவர்களுக்கு உங்கள் கேமின் தீவிர ரசிகர்கள் கொடுக்கும் பதில் தெரிந்ததுதான்: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பொதுவாக நியாயமான பழமொழிதான். கடினமான கேமில் தோற்றுவிட்டுக் கேமைத் திட்டுகிறவர்கள் எப்போதும் உண்டு. ஆனால் ஆடத் தெரிந்தவர்களும் சில சமயம் தரையில் மட்டம் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். நான் வைத்துப் பார்த்தேன். கூடம் கோணல்தான். கடைசிப் பாஸை, அதாவது இறுதியில் வரும் பெரிய எதிரியை, ஓர் அடிகூட வாங்காமல் வென்ற ஆட்டக்காரர்களும் அதே உருளும் பட்டனைத்தான் குறை சொல்கிறார்கள் என்பதை உங்கள் புகார்ப் பெட்டியிலேயே பார்க்கலாம், மூடிவிட்ட புகார்களைத் திறந்தால். கேம் கடினமாக இருக்கட்டும். காவலனின் ஈட்டிக்கு இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினாலும் சரி. நான் சாகும்போது அது நான் செய்ததால் ஆகட்டும் என்பதுதான் கேட்பது.

மோட் செய்கிறவர்கள், அதாவது கேமைத் தாங்களே மாற்றியமைக்கும் ரசிகர்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று உங்கள் தரப்பில் ஒருவர் பேட்டியில் சொன்னதையும் கேட்டேன். கணினிக்கு ஏற்கெனவே ஒரு மோட் வந்திருக்கிறது, பஃபரைச் சுருக்கிவிடுகிறது, நன்றாகவே வேலை செய்கிறது. சம்பளமில்லாத ஒருவர் ஓய்வு நேரத்தில் செய்ய முடிந்த வேலை அது என்பதும் அதனால் நிரூபணமாகிவிட்டது. 2012-இல் டார்க் சோல்ஸ் கணினிக்கு வந்தபோது படத் தெளிவு 1024-க்கு 720 என்று பூட்டப்பட்டிருந்தது. வெளியான அன்றே ஒரு ரசிகர் அதைத் திறந்துவிட்டார். கேமுலகம் அதை இன்றும் சொல்வது அந்த ரசிகரின் பெருமையாகத்தான், நிறுவனத்தின் பெருமையாக யாரும் சொல்வதில்லை. கன்சோலில் ஆடுகிறவர்களுக்கோ மோட் போடவும் வழியில்லை.

வெளிவந்துவிட்ட கேமின் அசைவுமுறையில் கைவைக்க முடியாது, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது என்று பொறியாளர்கள் சொல்லலாம். 2015 மே மாதம் விட்சர் 3 வந்தபோது அதன் நாயகன் கெரால்ட்டின் நடை மந்தமாக, திரும்ப நேரம் எடுப்பதாக இருக்கிறது என்று நிறையப் பேர் குறைபட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் வந்த 1.07 பேட்சில், பட்டனுக்குச் சட்டென்று பதில் சொல்லும் மாற்று நடையை அமைப்புகளில் சேர்த்தார்கள். பழையது பிடித்தவர்களுக்குப் பழையது அப்படியே இருந்தது. இரண்டு மாதத்தில் நடந்த காரியம். இன்னும் பெரிய எடுத்துக்காட்டு வேண்டும் என்றால் ஃபைனல் ஃபேன்டசி 14. 2010-இல் வந்து தோற்றது, நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது, மாதக் கட்டணத்தை நிறுத்தி வைத்தது, 2012 நவம்பரில் சர்வர்களையே மூடிவிட்டு 2013 ஆகஸ்டில் புதிதாகக் கொண்டுவந்தது. உங்களிடம் அவ்வளவு இடித்துக் கட்டச் சொல்லவில்லை. உங்கள் அஸ்திவாரம் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கிய கேமைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால், வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும். உங்கள் கேமின் முதல் இரண்டு மணி நேரம் எப்படிப் போகிறது? கிராமத்துத் திருவிழா, மீன்பிடிப்பு, அத்தை வீட்டுக்குக் கடிதம் கொண்டுபோவது, மரப்பொம்மையை வெட்டிப் பழகுவது. பொம்மை திருப்பி அடிப்பதில்லை, அதனால் தாமதம் தெரியாது. கூடை கூடையாகப் பொருள் எடுக்கிறோம், உருளத் தேவையே இல்லை. முதல் ஓநாய் வரும்போது அந்த இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது. வேண்டுமென்றே அப்படி அமைத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதனால் யாருக்கு லாபம் என்று நீங்களே பாருங்கள். வெளியீட்டுக்கு முன் கொடுத்த மாதிரி ஆட்டத்திலும் அந்தக் கிராமம் மட்டும்தான் இருந்தது.

கேட்பவற்றைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன், பிறகு புரியவில்லை என்று ஆகக் கூடாது.

மூடிய கட்டுப்பாட்டுப் புகார்களை மறுபடி திறங்கள். அவற்றில் மிக அவசரம் பஃபர். அழுத்தியதில் கடைசி ஒன்றை மட்டும், அதுவும் மிகச் சிறிது நேரத்துக்கு மட்டும் நினைவில் வையுங்கள். அடி விழுந்தால் அழித்துவிடுங்கள். திசையை உருளும் கணத்தில் எடுங்கள். வெட்டுக்கும் உருளலுக்கும் முன்னால் இருக்கும் காத்திருப்பை நீக்குங்கள், கனம் உங்களுக்கு அவ்வளவு பிடித்தமானது என்றால் அதை ஒரு விருப்பத் தேர்வாக வைத்திருங்கள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். பொருள் எடுப்பதை உருளும் பட்டனிலிருந்து பிரியுங்கள், முடியாவிட்டால் சண்டையின்போதாவது அதை முடக்குங்கள். மந்திரச் சக்கரத்தில் ஒரு பட்டனை அழுத்தி உறுதிசெய்த பிறகே தேர்வு நிலைக்கட்டும். எல்லா விசைகளையும், எல்லா பட்டன்களையும், ஒன்று விடாமல் மாற்றிக்கொள்ள விடுங்கள், ஓட்டத்துக்குத் தட்டும் முறையைச் சேருங்கள். மவுஸை மவுஸாகவே படியுங்கள். லாக்-ஆன் சுவரைத் தாண்டிப் பார்க்க வேண்டாம்.

இந்த வேலைக்கு விரிவாக்கக் குழுவிலிருந்து சிலரை இப்போதே திருப்பி அனுப்புங்கள். விரிவாக்கம் வெளிவருவதற்கு முன்னால் இந்தப் பேட்ச் எந்த மாதத்தில், எந்தெந்தக் கருவிகளுக்கு வரும் என்று தேதியோடு அறிவியுங்கள். விரிவாக்கத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டியவர்களில் வேண்டாம் என்கிறவர்களுக்கு, எத்தனை மணி நேரம் ஆடினார்கள் என்று கணக்குப் பார்க்காமல் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இலவச மாதிரி ஆட்டத்தில் கிராமத்தோடு ஓநாய்க் காட்டையும் சேருங்கள். பேட்ச் கிடையாது என்பதுதான் உங்கள் இறுதி முடிவு என்றால், விசைகளை முழுவதும் மாற்ற முடியாது என்பதையும், உருள்வதும் எடுப்பதும் ஒரே பட்டன் என்பதையும், கேமை விற்கும் பக்கத்தில் வாங்குகிறவர் கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கேமை முடித்த ஓர் ஆட்டக்காரர்